தலைகீழாகப் பறந்த கொடிகள்

தூண்டில் போட்டிக்குப் போன படகில் கொடி தலைகீழாகப் பறந்தால், பிடித்த மீனைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று பொருள். இது தெரியாமல் இரண்டு வருஷம் ஓஷன் சிட்டிக்குப் போய் மீன் எடை போடும் தராசையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மூன்றாம் வருஷம் அம்மாவையும் அழைத்துப் போயிருந்தோம். முகத்துவாரத்திலிருந்து வந்துகொண்டிருந்த படகு ஒன்றைக் காட்டி, "அது என்னட்டி, கொடியெல்லாம் தலைகீழாக் கட்டியிருக்கான்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் அம்மாவின் கை போன திசையைப் பார்த்தே கேள்வியைப் புரிந்துகொண்டார். நேராகப் பறந்தால் மீன் படகில் இருக்கிறது, தலைகீழாகப் பறந்தால் தண்ணீரில் இருக்கிறது என்றார். நான் தமிழில் சொன்னதும் அம்மா அந்தப் படகை மறுபடி பார்த்தாள். "அப்ப அது நாலும் உசுரோட இருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து அந்தப் போட்டியைப் பார்க்கும் விதமே எனக்கு மாறிவிட்டது.

ஓஷன் சிட்டி, அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் அட்லாண்டிக் கடலோரம் நீளமாகக் கிடக்கும் ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் விரிகுடா. ஆகஸ்ட் முதல் வாரத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை இங்கே, வாள்போல் மூக்கு நீண்ட வெள்ளை மார்லின் மீனின் பெயரில், ஒயிட் மார்லின் ஓப்பன் என்ற ஆழ்கடல் தூண்டில் போட்டி நடக்கிறது. 1974இல் 57 படகுகளோடு தொடங்கியது. முதல் பரிசு அப்போது 20,000 டாலர். இப்போது நூற்றுக்கணக்கான படகுகள் வருகின்றன, பரிசுத் தொகையோ பல லட்சம் டாலர். ஐந்து நாளில் ஒரு படகு மூன்று நாள்தான் தூண்டில் போடலாம். எந்த மூன்று என்பதைக் காற்றையும் அலையையும் பார்த்து அவர்களே முடிவு செய்துகொள்ள வேண்டும். பார்க்க வருகிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது. பதினான்காவது தெருவில், விரிகுடாப் பக்கம், ஹார்பர் ஐலண்ட் என்ற படகுத்துறையில் தராசு நிற்கும். மாலை நான்கு மணிக்குக் கூட்டம் சேர ஆரம்பித்தால் இருட்டிய பிறகும் கலையாது. கரையில் இடம் கிடைக்காதவர்கள் சின்னப் படகுகளில் வந்து தண்ணீரிலேயே மிதந்துகொண்டு பார்ப்பார்கள்.

அம்மா தூத்துக்குடிக்காரி. தாத்தா வள்ளத்தில் தூண்டிலுக்குப் போனவர். அதனால் மீன் என்றால் அவளுக்குச் சமையலறையில் தொடங்குகிற விஷயம் இல்லை, கரையில் தொடங்குகிற விஷயம். எங்கள் வீட்டிலிருந்து செசபீக் விரிகுடாப் பாலத்தைத் தாண்டி மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டும். வழியெல்லாம் சோளக்காடு. "கடலுக்குப் போறோம்னு சொல்லிட்டு எங்க கூட்டிட்டுப் போற?" என்று இரண்டு முறை கேட்டாள்.

ஊர் வெள்ளை மார்லினுக்குப் பெயர் வாங்கியதற்குப் பின்னால் ஒரு புயல் இருக்கிறது. 1933 ஆகஸ்டில் அடித்த புயலில் மணல் திட்டு உடைந்து, விரிகுடாவுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வாய் திறந்துகொண்டது. அதற்கு முன்பு அலையைத் தாண்டிக் கரையிலிருந்தே படகைத் தள்ளிக்கொண்டு போனவர்களுக்குத் திடீரென்று ஒரு முகத்துவாரம் கிடைத்தது. அரசாங்கம் கல்லைக் கொட்டி அதை நிலையாக்கியது. படகுகள் தூரம் போகத் தொடங்கியதும், ஜாக் ஸ்பாட் என்ற மேட்டுப்பகுதியில் வெள்ளை மார்லின் கூட்டம் கூட்டமாக இருப்பதைக் கண்டார்கள். 1936இல் ஓஷன் சிட்டி மார்லின் கிளப் உருவானது. 1939 ஜூலை 29 அன்று ஒரே நாளில் 171 வெள்ளை மார்லின் பிடிபட்டது. 'உலகத்தின் வெள்ளை மார்லின் தலைநகரம்' என்று ஊர் தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டதற்குப் பின்னால் இருப்பது அந்த வருஷங்கள்தான்.

இப்போது அந்த மேட்டையெல்லாம் தாண்டிப் போகிறார்கள். கரையிலிருந்து அறுபது எழுபது மைல் தள்ளி, கண்டத்திட்டு முடிந்து கடல் சட்டென்று இறங்கும் விளிம்பில் பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. பால்டிமோர், வாஷிங்டன், வில்மிங்டன், நார்ஃபோக் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. வளைகுடா நீரோட்டத்திலிருந்து பிரியும் வெதுவெதுப்பான நீர்ச்சுழிகள் இந்த விளிம்பில் வந்து உரசும்போது சின்ன மீன்கள் சேரும். அவற்றைத் தேடி மார்லின் வரும். ஆழத்தை இங்கேயும் பாகக் கணக்கில்தான் சொல்கிறார்கள்; ஒரு பாகம் என்பது ஆறு அடி. 'நூறு பாகத்துக் கோடு' என்று பெரியவர் சொன்னதை அப்படியே நான் மொழிபெயர்த்தபோது அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பா அப்படித்தான் சொல்லும், பதினெட்டு பாகம், இருபது பாகம்னு."

காலை எட்டரைக்குத்தான் தூண்டில் தண்ணீரில் விழலாம். மாலை மூன்றரைக்கு எடுத்துவிட வேண்டும். இடையில் நடப்பதை நாங்கள் யாரும் பார்க்க முடியாது. கரையில் நிற்கிறவர்களுக்குக் கிடைப்பது கடைசிக் காட்சி மட்டும். அதனால் கடலில் என்ன நடக்கிறது என்று பெரியவரைத் துருவித் துருவிக் கேட்டேன். எழுபதுகளில் படகில் மேட்டாக, அதாவது தூண்டில் தயார் செய்து மீனைக் கையாளும் ஆளாக, வேலை பார்த்தவர் அவர். சலிக்காமல் சொன்னார்.

இரை, பெரும்பாலும் நம் முரலுக்குச் சொந்தக்கார மீன்தான். பாலிஹூ என்கிறார்கள். கீழ்த்தாடை நீண்டு ஊசிபோல் இருக்கும், ஒரு சாண் நீளம் வரும். முதல்நாள் இரவே மேட் உட்கார்ந்து, டஜன் டஜனாக இந்த மீன்களின் கண்ணை எடுத்து, முதுகெலும்பை இளக்கி, மெல்லிய கம்பியால் மூக்கைச் சுற்றிக் கட்டி வைப்பார். அப்போதுதான் தண்ணீரில் இழுக்கும்போது செத்த மீன் உயிருள்ளது மாதிரி நெளியும். படகு மெதுவாக ஓடும். பின்னால் அலைநுரையில் ஏழெட்டு இரைகள் குதித்துக் குதித்து வரும். வெள்ளை மார்லின் வந்தால் முதலில் வாயால் கவ்வாது. வாள்போல் நீண்ட மூக்கால் ஒரு தட்டு தட்டும். அந்தத் தட்டலில் பழகாதவன் பதறிப்போய் தூண்டில் ராடைச் சுண்டினால், கதை முடிந்தது. தெரிந்தவன் உடனே ரீலைத் தளர்த்தி, கட்டை விரலை மட்டும் லேசாக வைத்துத் தங்கூசியை, அதாவது தூண்டில் நூலை, ஓடவிடுவான். அடிபட்ட இரை மிதப்பது போலத் தோன்ற வேண்டும். மீன் திரும்பி வந்து கவ்வி விழுங்கத் தொடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ண வேண்டும். எத்தனை எண்ணுவது என்று கேட்டேன். பெரியவர் விரலைக் காட்டினார். எண்ணிக்கை இல்லை, தங்கூசி விரலில் சொல்லும் என்றார்.

அம்மா இதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். தாத்தாவும் ராடு இல்லாமல், ஆட்காட்டி விரலில் தங்கூசியைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாராம். அந்த விரலில் கோடு கோடாகத் தழும்பு இருந்தது என்றாள். அது எனக்குத் தெரியாது. நான் பிறக்கும் முன்பே தாத்தா போய்விட்டார்.

அடுத்து முள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் தலைகீழ்க் கொடிகளுக்கு அர்த்தம் தருவது இந்த முள்தான். பழைய தூண்டில் முள் ஆங்கில ஜே எழுத்து மாதிரி இருக்கும். மீன் விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ ஏறிவிடும். அதன் பிறகு விட்டாலும் பல மீன்கள் உள்ளுக்குள் இரத்தம் கசிந்தே சாகும். வளைவு முள் வேறு மாதிரி. நுனி உள்நோக்கி, தண்டைப் பார்த்து வளைந்திருக்கும். விழுங்கிய மீனின் வயிற்றிலிருந்து இழுக்கும்போது எதிலும் குத்தாமல் வழுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் வாயின் ஓரத்தில், கடைவாய் மடிப்பில் மாட்டும். சுண்டி இழுக்கக் கூடாது, மெல்ல இறுக்க வேண்டும். வர்ஜீனியா கடல் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் வெள்ளை மார்லின்களின் மேல் செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் பட்டைகளைப் பொருத்தி, விட்ட பிறகு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில், வளைவு முள்ளில் பிடித்து விட்ட மீன்கள் எல்லாமே பிழைத்திருந்தன. ஜே முள்ளில் பிடித்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் செத்துப்போயின. 2008 முதல் அட்லாண்டிக்கில் நடக்கும் இந்த மாதிரிப் போட்டிகளில் இயற்கை இரை பயன்படுத்தினால் வளைவு முள்தான் போட வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி கொண்டுவந்துவிட்டது. விடப்போகிற மீனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கவும் கூடாது. ஆக, ஒரு கொடி தலைகீழாகப் பறக்கிறது என்றால் அந்த மீன் நாளைக்கும் நீந்திக்கொண்டிருக்கும் என்று நம்பலாம். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த நம்பிக்கைக்கு இடம் இல்லை.

சரி, தராசுக்கு வருகிறேன்.

வெள்ளை மார்லின் சின்ன மீன். மார்லின் என்றதும் நாம் மனதில் காணும் ராட்சசன் நீல மார்லின். இந்தப் போட்டியில் 2009இல் 1,062 பவுண்டு, அதாவது 480 கிலோவுக்கு மேல், ஒன்று வந்திருக்கிறது. வெள்ளை மார்லினில் இங்கே எடைபோட்டதிலேயே பெரியது 1980இல் வந்த 99 பவுண்டு மீன். சாதாரணமாகப் படகில் மாட்டுவது ஐம்பது பவுண்டு சுற்றியே இருக்கும். நாங்கள் அம்மாவோடு போயிருந்த வருஷம் பரிசுக்குக் குறைந்தபட்சம் 70 பவுண்டு, சுமார் 32 கிலோ, இருக்க வேண்டும். படகின் ஓரத்தில், தண்ணீரில் துள்ளிக்கொண்டிருக்கும் மீனைப் பார்த்து, இது 65ஆ 72ஆ என்று ஒரு நிமிஷத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். உள்ளே எடுத்தால் மீன் செத்தது. விட்டால், ஒருவேளை, லட்சங்கள் போயின. நீளம் தெரியும், சுற்றளவை யார் அளப்பது? மேட் கண்ணால் போடும் கணக்குதான் எல்லாம்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு படகு ஒரே ஒரு நேர்க்கொடியோடு வந்தது. கூட்டம் எழுந்து நின்றது. ஐஸ் நிரப்பிய நீளப் பையிலிருந்து மீனை இறக்கி, வாலில் கயிற்றைச் சுருக்கிட்டுத் தலைகீழாக ஏற்றினார்கள். மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பலகையில் விழுந்தது. தூண்டில்காரருக்கு இருபது வயதுதான் இருக்கும், வெயிலில் உதடு வெடித்திருந்தது. மீன் லேசாகச் சுழன்றுகொண்டிருந்ததால் மேட் இரண்டு விரலால் அதன் வயிற்றைத் தொட்டு நிறுத்தினார். அத்தனை ஆயிரம் பேரும் வாயே திறக்கவில்லை. ஒலிபெருக்கியில் எண்ணை மெதுவாகச் சொன்னார்கள். இரண்டு பவுண்டு குறைவு. ஒரு பெரிய மூச்சு கூட்டத்திலிருந்து வெளியே வந்தது. அந்தப் பையன் மீனைப் பார்த்துக்கொண்டே நின்றான். மேட் அவன் தோளில் கையை வைத்தார், பிறகு கயிற்றை அவிழ்க்கப் போனார்.

அம்மா வேலிக்கம்பியைப் பிடித்தபடி மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "மயில்மீன் சாதிதான். தோகைதான் சின்னது. மேல புள்ளி இருக்கு பாரு." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "நிறம் போயிட்டு" என்றாள். தாத்தாவின் வள்ளத்தில் ஒரு முறை மயில்மீன் வந்ததாம். கரைக்கு வந்த பிறகுதான் இவள் பார்த்தாள், அப்போது அது சாம்பல் நிறம். ஆனால் தண்ணீரில் இருக்கும்போது அது ஊதாவும் நீலமுமாய்ப் பற்றி எரியும், கோடு கோடாக மின்னும் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். உண்மைதான், கோபமும் வேகமும் ஏறும்போது மார்லினின் தோல் நீலமாக ஒளிரும். நாங்கள் கரையில் பார்ப்பது அது அணைந்த பிறகு. "ரெண்டு பவுண்டுக்காக இதை எடுத்துட்டு வந்திருக்க வேண்டாம்லா" என்றாள் அம்மா. எனக்கும் அதேதான் தோன்றியது. அந்தப் பையனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும் என்று அவன் நின்ற விதத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"ஏலம் எப்ப?" என்று அடுத்து கேட்டாள். ஏலம் இல்லை. அமெரிக்காவில் அட்லாண்டிக் மார்லினை விற்கவே கூடாது. 1988 முதல் அந்தத் தடை இருக்கிறது. இங்கே தராசுக்கு வரும் மீன்கள் மேரிலாண்ட் உணவு வங்கிக்குப் போகின்றன, இல்லாதவர்களின் சாப்பாட்டுக்கு. சூரையும் மாஹிமாஹியும் நிறைய வரும். துறையிலேயே வெட்டி, ஐஸில் அடுக்குவதை அம்மா அரை மணி நேரம் நின்று பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்று நினைக்கிறேன். வெட்டுகிறவரின் கத்தி சூரையின் முதுகெலும்பை ஒட்டி ஒரே இழுப்பில் போவதைக் கண்டு, "கை பழகின ஆளு" என்றாள். அவள் அப்படி எளிதில் சொல்ல மாட்டாள்.

பணத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நுழைவுக் கட்டணத்துக்கு மேல், விருப்பப்பட்டவர்கள் கூடுதல் பந்தயப் பிரிவுகளில் பணம் கட்டலாம். எந்தெந்தப் பிரிவில் கட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பரிசு மாறும். 2022இல் 77.5 பவுண்டு வெள்ளை மார்லின் ஒன்றுக்கு 45 லட்சம் டாலர் கிடைத்தது. மறு வருஷம் தகுதியான வெள்ளை மார்லின் ஒன்றுகூட வரவில்லை, ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக. அந்தப் பணமும் சேர்ந்து 640.5 பவுண்டு நீல மார்லின் ஒன்றுக்கு 62 லட்சம் டாலர் போனது. இவ்வளவு பணம் என்றால் நேர்மையை யார் காப்பது? கடலில் அறுபது மைலுக்கு அப்பால் சாட்சி இல்லை. அதனால் பெரிய பரிசு வாங்குகிறவர்களுக்குப் பொய் கண்டறியும் சோதனை உண்டு. 2016இல் தகுதி பெற்ற ஒரே வெள்ளை மார்லினைப் பிடித்தவர் அந்தச் சோதனையில் தேறவில்லை. 28 லட்சம் டாலர் பரிசு நிறுத்தப்பட்டது, வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனது. எட்டரைக்கு முன்பே தூண்டில் தண்ணீரில் இறங்கிவிட்டது என்று 2017இல் நீதிபதி அந்தத் தூண்டில்காரருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். ஒரு தூண்டில் தண்ணீரைத் தொட்ட நேரம், சில நிமிஷக் கணக்கு, அதற்காக இத்தனை வக்கீல்கள்.

விட்ட மீனுக்கும் புள்ளி உண்டு, அதற்கும் பரிசு உண்டு. ஆனால் தராசில் தொங்கும் மீனுக்குக் கிடைப்பதோடு ஒப்பிட்டால் அது கைச்செலவுக் காசு. அதுதான் மாற வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரை முழுவதிலும் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் ஒரு வருஷத்தில் கரைக்குக் கொண்டுவரலாம் என்று அனுமதிக்கப்பட்ட மார்லின் மொத்தம் 250 மட்டுமே. அவ்வளவு கணக்குப் பார்த்துக் காக்க வேண்டிய மீன் இது. போட்டிக்காரர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. சூரைக்கும் வாள்மீனுக்கும் போடும் மைல் கணக்கான ஆயிரங்கால் தூண்டில்களில் தற்செயலாக மாட்டிச் சாகும் மார்லின்தான் மிக அதிகம். இந்தப் போட்டியில் பிடிபடும் மார்லின்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் திரும்பப் போய்விடுகின்றன. அந்தத் தொண்ணூற்றைந்தை யாரும் படம் எடுப்பதில்லை என்பதுதான் என் குறை.

பெரியவர் எடுக்கிறார், தன் வழியில். அவர் மடியில் ஒரு சின்ன நோட்டு இருந்தது, உள்ளங்கை அளவு. பக்கத்துக்கு இரண்டு பத்தி. இடது பத்தியில் படகின் பெயர், வலது பத்தியில் பென்சிலால் கோடுகள். தராசுக்கு வரும் படகுகளை அவர் எழுதவே இல்லை. தராசின் பக்கம் திரும்பாமல், தங்கள் இடத்துக்கு நேரே போய்க்கொண்டிருக்கும் படகுகளைத்தான் எழுதினார். படகின் இரு பக்கமும் நீட்டியிருக்கும் அவுட்ரிகர் கம்பிகளில் தொங்கும் தலைகீழ்க் கொடிகளை எண்ணி, கொடிக்கு ஒரு கோடு. எத்தனை வருஷமாக என்று கேட்டேன். நோட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன என்றார். யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

ஏழு மணிக்கு மேல் ஒரு பெரிய நீல மார்லின் வந்தது. கூட்டம் முழுவதும் அந்தப் பக்கம் நெருக்கியடித்துப் போய்விட்டது. பையன்கள் தகப்பன்களின் தோளில் ஏறினார்கள். என் கணவரும் கேமராவோடு போய்விட்டார். வேலியோரம் நானும் அம்மாவும் பெரியவரும்தான் மிச்சம். வெயில் விரிகுடாவின் மேல் சாய்ந்து, தண்ணீர் செம்பு நிறமாகிவிட்டிருந்தது. அப்போது முகத்துவாரத்திலிருந்து ஒரு பழைய மரப்படகு வந்தது; புதிய படகுகளின் பளபளப்பு இல்லை, பக்கவாட்டில் வண்ணம் உரிந்திருந்தது. தராசைத் தாண்டி நிற்காமல் போனது. சுக்கானில் இருந்த பெண் கண்ணாடியைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டார். கொடிகள் எல்லாம் தலைகீழ். நான் கை தட்டினேன். அந்தப் பெண் எங்கள் பக்கம் பார்த்து ஒரு கையைத் தூக்கினார்.

பெரியவர் நோட்டில் ஐந்து கோடு போட்டார். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஆறுன்னு சொல்லு" என்றாள் என்னிடம். "அந்தக் கம்பிக்குப் பின்னால ஒண்ணு சுருண்டு கிடக்கு."

நான் சொன்னேன். பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். படகு கொஞ்சம் திரும்பியதும் ஆன்டெனாவில் சிக்கிச் சுருண்டிருந்த ஆறாவது கொடி காற்றில் பிரிந்தது. அவர் அம்மாவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டு, பென்சிலை நாக்கில் ஒற்றி, இன்னொரு கோடு போட்டார்.